அண்ணன் மறுத்த சிறுநீரகம்

“முடியாதுன்னா முடியாதும்மா.”

டயாலிசிஸ் பிரிவின் வாசலில் நின்று பெரியவன் சொன்னது, வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

“ஏன்டா முடியாது? ரத்தம் பொருந்தியாச்சு. உனக்கு ரெண்டும் நல்லா இருக்கு. உன் தம்பிக்கு ஒண்ணுகூட வேலை செய்யலை. ஒண்ணைக் குடுத்தா நீ என்ன தேஞ்சா போயிடுவே?”

பெரியவன் வேன் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தான்.

“நெஞ்சுல கல்லை வெச்சுக்கிட்டுப் பொறந்திருக்கேடா நீ. இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாதே.”

தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

சின்ன மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே குழாய்களோடு படுத்திருப்பவன் அவள் புருஷன். அவளுடைய ரத்தம் அவனுக்குச் சேரவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை. மிச்சம் இருந்தது இந்த ஒரு ஆள்தான்.

வண்டி நிறுத்துமிடம் வரை துரத்திக்கொண்டு போனாள்.

“அத்தான், நில்லுங்க! அத்தைக்குத்தான் பதில் சொல்லலை, எனக்காவது சொல்லுங்க. வீட்ல அக்கா வேண்டாம்னாங்களா?”

“அவ பாவம், அவளை ஏன் இழுக்கறே? குடுத்துட்டு வாங்கன்னுதான் சொன்னா.”

“அப்புறம் என்ன? தம்பி போனதும் மாலையோட வந்து நிக்கலாம்னு இருக்கீங்களா?”

அந்தச் சொல் அவனை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். திறந்த வண்டிக் கதவை மறுபடி சாத்தினான்.

“டாக்டர்தான் வேண்டாம்னுட்டார். கடைசிப் பரிசோதனைல என் உடம்புல ஒரு வைரஸ் இருக்கறது தெரிஞ்சுது. ஹெர்பிஸ் வகையாம். என்கிட்ட சும்மா தூங்கிட்டிருக்கு. ஆனா மாத்துச் சிறுநீரகம் வெச்சா, எதிர்ப்பு சக்தியைக் குறைக்க அவனுக்கு மருந்து குடுப்பாங்க. என்னோடதை வெச்சா இதுவும் கூடவே போய் அங்கே முழிச்சுக்கும். புற்றுநோய்ல கொண்டுபோய் விட்டாலும் விடும்னார்.”

அவள் அவனை ஒரு மாதிரி ஏறிட்டுப் பார்த்தாள். ஊர் ஊராக வண்டி ஓட்டின ஆள்.

“எங்கேர்ந்து வந்துது இது உங்களுக்கு?”

“நீ நினைக்கற மாதிரி இல்லைம்மா.” அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. “சில நாட்டுல பாதிப்பேருக்கு மேல இருக்காம். சில நாட்டுல தேடித்தான் பிடிக்கணுமாம். இடத்துக்கு இடம் அதோட வகையே மாறுதாம். எனக்குச் சின்ன வயசுலயே எச்சில் வழியா வந்திருக்கும்னார்.”

“யாரோட எச்சில்?”

அவன் வேறெங்கோ பார்த்தான்.

“அது எதுக்கு இப்போ? தம்பியைக் காத்திருக்கறவங்க வரிசைல பதிஞ்சாச்சு. கிடைக்கும்னு டாக்டர் நம்பிக்கையாச் சொல்றார். நீ மட்டும் அம்மாகிட்ட மூச்சு விடாதே.”

“ஏன்? இவ்வளவு பேர் முன்னாடி ஏச்சு வாங்கணும்னு உங்களுக்கென்ன தலையெழுத்தா?”

“திட்டிட்டுப் போகட்டும். என்ன இப்போ?”

வண்டி கிளம்பிப் போய்விட்டது. சின்ன மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. இப்படி ஒரு அநியாயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தூங்க முடியுமா? உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்ற முடிவோடு படியேறினாள்.

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, அத்தானைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“அவன் பேச்சை எடுக்காதே! பல்லு முளைக்காத வாய்க்கு, ஒவ்வொரு கவளமும் நான் என் வாயில போட்டு மென்னு மென்னு ஊட்டி வளர்த்த உடம்புடி அது. சின்னவனுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை, அவன் பொறந்ததும் நான் வேலைக்குப் போயிட்டேன். பெரியவனுக்குத்தான் எல்லாம் குடுத்தேன். எல்லாம்!”

சின்ன மருமகள் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“என்னமோ சொல்ல வந்தியே, என்ன?”

“அத்தானுக்கு ஆபரேஷன்னா பயமாம் அத்தை” என்றாள். “கத்தியைப் பார்த்தாலே மயக்கம் வந்துடுமாம். நீங்க திட்டினதுல தப்பே இல்லை.”