கீழ்வீட்டுக் கம்பு

டொக்.

"ஆரம்பிச்சாச்சு," என்று அவள் முணுமுணுத்தாள். ஸ்கிப்பிங் கயிறு காலில் சிக்கி நின்றது. மணி காலை ஐந்தரை. கீழ்வீட்டில் யாரோ கம்பால் கூரையை இடிக்கிறார்கள்.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. கீழே புதிதாக ஆட்கள் குடிவந்த இந்த மூன்று வாரமும் இதே கூத்துதான். அவள் குதிக்கக் குதிக்க, கீழேயிருந்து இடி விழுந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாளில் அவளுக்கென்று இருப்பதே இந்த அரைமணி நேரம். ஆறு மணிக்கு மேல் அம்மா, பெண்டாட்டி. ஒன்பது மணிக்கு மேல் மூக்குக் கண்ணாடிக் கடையில் எட்டு மணி நேரம் நின்றபடி லென்ஸ் தேய்க்கிற ஆள். முதுகுவலிக்கு மாத்திரை விழுங்கி அலுத்துப்போய், மகள் தூக்கிப் போட்ட கயிற்றை எடுத்து ஆறு மாதத்துக்கு முன்னால் குதிக்க ஆரம்பித்தாள். முதல் நாள் இருபதுக்கே நாக்கு தள்ளிவிட்டது. இப்போது ஐந்நூறு. வலி போன இடம் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சுகம், குதிக்கிற நேரத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. மகளை எழுப்பிக் கிளப்புவதும் சாப்பாட்டு டப்பா கட்டுவதும் அந்த அரைமணிக்கு மட்டும் கணவர் பொறுப்பு.

கம்புக்குப் பயந்து போர்வையை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் குதித்தாள். டொக். சரி, அவர்கள் படுக்கிற இடத்துக்கு மேலே குதிக்கிறோம்போல என்று சமையலறைக்கு மாறினாள். இரண்டு நிமிஷம் சத்தமில்லை. அப்புறம் அங்கேயும், காலுக்கு நேர் கீழே, டொக்.

துரத்திக்கொண்டு வந்தா இடிப்பார்கள்? என்ன ஜென்மங்களோ! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவளைக் கணவர்தான் தடுத்தார். நீ போனால் சண்டையாகிவிடும், நான் பக்குவமாகப் பேசிவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பத்து நிமிஷத்தில் தொங்கின முகத்தோடு திரும்பி வந்தார்.

"கீழ சீக்காளி இருக்கார். பக்கவாதமாம். நம்ம சத்தம் அவருக்கு..." முடிக்காமல் தலையை ஆட்டினார். "விட்டுடேன். பாவம்."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் ஒரு நோயாளியின் தலைமேலா குதித்துக்கொண்டிருந்தோம்? கயிற்றைச் சுருட்டி அலமாரி உச்சியில் போட்டாள்.

மிச்சமான அரைமணி ஒரு வாரம்கூடச் சும்மா கிடக்கவில்லை. நீதான் எழுந்துவிட்டாயே என்று சாப்பாட்டு டப்பா அவளிடம் வந்தது. பின்னாலேயே மகள் வந்தாள், இஸ்திரி வந்தது. கணவர் ஏழு மணிவரை தூங்கினார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, நாளெல்லாம் பஸ் ஓட்டுகிற உடம்பு. இரண்டாவது வாரமே முதுகு பழையபடி பிடித்துக்கொண்டது. கடையில் குனிந்து நிமிர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. போகட்டும், ஒரு மனுஷர் நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் கதவைத் தட்டியது கீழ்வீட்டு அம்மா.

"உனக்கு உடம்பு ஏதும் முடியலையாம்மா? இருபது நாளா காலையில சத்தமே காணோமே."

குத்திக்காட்டுகிறாரோ என்று பதறி, இவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அந்த அம்மா திருதிருவென்று விழித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அவருடைய வீட்டுக்காரர் தையல்காரராம். வலது கை விழுந்துவிட்டது. கம்பைப் பிடித்துத் தினமும் ஐம்பது தடவை தூக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஐந்தைத் தாண்டமாட்டாராம், எதற்கு இந்தப் பிழைப்பு என்று கம்பை வீசிவிடுவாராம். குடிவந்த மறுநாள் மேலே கயிற்றுச் சத்தம் கேட்டிருக்கிறது. யாரோ ஒரு பொண்ணு விடாமல் குதிக்குது, எனக்கு மட்டும் என்ன கேடு என்று அவரே கம்பை எடுத்தாராம்.

"நீ பத்து குதிச்சா அவர் ஒண்ணு. கம்பு கூரையில பட்டாத்தான் கணக்கும்பார். நீ சமையலறைக்குப் போன அன்னிக்கு, சுவரைக்கூடப் பிடிக்காம உன் சத்தத்துக்குப் பின்னாலயே நடந்து வந்துட்டார்மா. எத்தனை மாசத்துக்கு அப்புறம் தெரியுமா? நீ நிறுத்தினதுலேருந்து அவரும் கம்பைத் தொடல."

"எனக்குத் தெரியாதேம்மா."

"தெரியாதா? எங்க சத்தம் தொந்தரவுன்னா மன்னிச்சுக்குங்க, அந்தப் பொண்ணை மட்டும் நிறுத்திடச் சொல்லாதீங்கன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட அன்னிக்கே கெஞ்சி அனுப்பினேனே. சொல்லலையா?"

அவள் அலமாரி உச்சியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "மறந்திருப்பார்," என்றாள்.

மறுநாள் காலை ஐந்தரை. கயிறு அலமாரியிலிருந்து இறங்கியது. இந்தத் தடவை கூடத்திலும் இல்லை, சமையலறையிலும் இல்லை. படுக்கையறையில், கணவரின் தலைமாட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி.

அவர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "என்ன பண்றே நீ? கீழ சீக்காளி இருக்கார்னு சொன்னேன்ல?"

அவள் குதித்துக்கொண்டே இருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து. நின்றாள்.

கட்டிலுக்கு நேர் கீழே, தயங்கித் தயங்கி, ஒரு சத்தம் கேட்டது.

டொக்.

"அவரே எந்திரிச்சுட்டார்," என்றாள். "நீங்களும் எந்திரிங்க."