அனுமதி பெற்ற குரல்

ஆசிரியர் மன்றத்தின் தலைவியான நாளிலேயே செண்பகவல்லி வகுப்பெடுக்கும் உரிமத்தை ஒப்படைத்துவிட்டார். அதுதான் விதி. எல்லாப் பள்ளிகளின் இயந்திர ஆசிரியருக்கும் அவருடைய குரலையே மன்றம் கொடுத்தது. அவரும் மகிழ்ந்து கையெழுத்திட்டார்.

பிறகு ஒருநாள் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆய்வுக்குப் போனார். மூன்றாம் வகுப்பில் ஜெனோவா என்ற சிறுமி பின்னக் கணக்கில் திணறிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தன் டப்பாவிலிருந்த தோசையை நான்காகப் பிய்த்துக் காட்டினார்.

“இப்பம் வெளங்கிட்டு மிஸ்! நாளைக்கும் வருவீயளா?”

அவர் வாய் திறப்பதற்குள் சுவரிலிருந்த இயந்திர ஆசிரியரின் ஒலிபெருக்கி அவர் குரலிலேயே சொன்னது: “வராம எங்க போவேன், கண்ணு?”

ஜெனோவா சுவரைப் பார்த்துச் சிரித்தாள். வெளியே கார் காத்திருந்தது. செண்பகவல்லிக்கு எழுந்துபோக மனம் வரவில்லை.