இருக்கிறபடியே அனுப்புங்கோ

ஸ்காபரோவில் வேட்டைத் துப்பாக்கி செய்யும் கம்பனி ஒன்றில், திரும்பி வந்தவற்றைச் சோதிக்கும் அறை. நவம்பர் வெயில் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. தரம் பார்க்கும் சிவபாதம் பெட்டியைக் கீறித் திறந்து, மேலே கிடந்த கடிதத்தை வாசிக்கிறார். பாதுகாப்புப் பூட்டை விலக்கினாலே, விசையைத் தொடாமலே வெடிக்கிறதாம். நீங்கள் போனில் சொன்னபடி எதையும் தொடாமல் அனுப்புகிறேன் என்று முடித்திருக்கிறார் வாடிக்கையாளர். கடிதம் பிடித்த கை அந்தரத்தில் நிற்கிறது. பெட்டிக்குள் கிடக்கும் ரைபிளின் பின்புறத்தில், உள்ளே தோட்டா இருந்தால் மட்டும் வெளியே நீட்டி நிற்கும் சிவப்புக் குமிழ் மினுங்குகிறது. வந்த வழியெல்லாம் குலுங்கியதில் பூட்டு பாதி விலகியிருக்கிறது. குழல் வாசலைப் பார்க்கிறது. வாசலில், கோப்பிக் கப்போடு, வாடிக்கையாளர்களின் போன்களுக்குப் பதில் சொல்லும் சுபாங்கி.

"பிள்ளை, உள்ளுக்கு வராதையும். மெல்லமாச் சுவர்ப்பக்கம் போம்."

அவள் நகர்கிறாள்.

"என்ன அங்கிள்?"

"உதுக்குள்ள தோட்டா இருக்கு."

"நான்தான் அவரோட கதைச்சனான். ஆக்கள் தாங்களே கழட்டித் திருத்தக் கூடாதெண்டுதான், ஒண்டும் தொடாமல் இருக்கிறபடியே அனுப்பச் சொல்லுறனாங்கள்."

"எத்தினை பேருக்குச் சொன்னனீர்?"

"இந்தக் கிழமை மட்டும் பதினொரு பேர்."

வெளியே கூரியர் வான் பீப் பீப் என்று பின்னோக்கி வந்து நிற்கிறது. இரும்புக் கதவு உயர்கிறது. சிமெந்துத் தரையில் பெட்டிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்குகின்றன.