கூர் பத்தாது

“இந்தக் கூர் பத்தாது. இன்னும் வேணும்.”

பன்றிக் கத்தியைப் புருஷன் முன்னால் விட்டெறிந்தாள் சண்முகத்தாய்.

தங்கச்சாமி எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தான். மலையடிவாரத்தில் எத்தனையோ காட்டுப்பன்றிகளைப் பிளந்த கத்தி அது. “ஏட்டி, பன்னி அறுக்க இது போதாதா?”

“பன்னிக்கு யாரு கேட்டா? விடிஞ்சதும் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். இந்தக் கத்தியோட.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான், கேளுங்கள். மம்சாபுரத்து வேட்டையில் முதல் குத்து யாருடையதோ, பன்றித் தலை அவருக்கு. இந்த வருஷம் அது தன் குத்து என்றார் ஊர்த்தலைவர் சங்கரலிங்கம். அவர் சண்முகத்தாயின் கூடப்பிறந்த அண்ணன். “பொய்!” என்று கூட்டத்தில் வைத்தே சொல்லிவிட்டான் தங்கச்சாமி.

அன்றே தங்கை குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தார் அவர். அந்த வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது. வண்ணாரோ நாவிதரோ வாசலை மிதிக்கக் கூடாது.

“ஒரு பன்னித் தலைக்காக என்னைய நாதியத்தவளா ஆக்கிப்புட்டானே! கெணத்தடியில பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான். என் வயிறு எரியுது. தீட்டச் சொல்லிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

“இரு, நானே தீட்டித் தாரேன்.”

“வேண்டாம். இந்தக் கத்தி என் கைக்குப் பழகணும்.”

கத்தியைப் பிடுங்கிக்கொண்டு அவள் தீட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் அழுத்தி அழுத்தித் தேய்க்க, கல் கிறீச்சிட்டது.

“கோவத்தக் கல்லுமேல காட்டாதட்டி. இருந்த கூரும் போச்சு பாரு. தண்ணியத் தெளி. கத்தியப் படுக்க வச்சு, பூப்போல தள்ளு.”

பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தள்ளினாள். மடியில் கிடந்த பெண் குழந்தை, கண்ணில் விழுந்த முடியை ஒதுக்க முடியாமல் சிணுங்கியது. ஊதி விலக்கிவிட்டு மறுபடி தீட்டினாள். விளிம்பில் நின்ற பிசிறு போக, வேட்டை நாயைக் கட்டும் தோல்வாரில் இழுத்து இழுத்துத் துடைத்தாள்.

புருஷனின் முன்கையைப் பிடித்து ஒரு வழி வழித்தாள். ரோமம் சுத்தமாக உதிர்ந்தது. தோலில் கீறல் இல்லை.

“யாத்தே!” என்று கையை இழுத்துக்கொண்டான் தங்கச்சாமி. “ஏட்டி, ஆயிரந்தான் இருந்தாலும் அவரு ஒங்கண்ணன்டீ.”

“அது அவனுக்குல்ல நெனப்பு இருந்திருக்கணும்!”

விடிந்தது. தலைக்குக் குளித்து, குழந்தையை இடுப்பில் வைத்து, கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள் சண்முகத்தாய். கதவுகள் திறந்தன. யாரோ முன்னால் ஓடிச் சங்கரலிங்கத்திடம் சொன்னார்கள்.

“நில்லுட்டி! தூக்குல போட்ருவாங்கட்டி!” என்று பின்னாலேயே ஓடிவந்தான் தங்கச்சாமி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேல்கம்போடு வெளியே வந்தார் சங்கரலிங்கம். “ஒதுக்கி வச்சவளுக்கு என் வாசல்ல என்ன வேல? கத்தியக் கீழ போடு!”

“போட மாட்டேன். ஊரையெல்லாம் தடுத்துட்டேல்ல? இப்ப என்னையத் தடு, பாப்போம். உக்காருண்ணே!”

“தங்கச்சி... வேண்டாம்...”

“உக்காருங்கேன்ல!”

வேல்கம்பு கைநழுவி விழுந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கத்தியோடு அவர்மேல் குனிந்தாள் சண்முகத்தாய்.

“பிள்ளைய மடியில வாங்கு. தாய்மாமன் இல்லாம மொட்டை போட முடியுமா?”