காலியான சாளரம்

பெர்னாட் உருவாக்கிய, உரை எழுதுவதற்கான எடிட்டர் நிரல் எல்லாக் கணினிகளிலும் ஒரே தோற்றத்தில் திறக்கும். அதற்காகவே அவர் எந்த இயங்குதளத்தின் உதவியையும் நாடாமல், ஒவ்வொரு எழுத்தையும் தன் நிரலைக் கொண்டே திரையில் வரைய வைத்திருந்தார். பார்வை போன பிறகு அதுவே வினையாகிவிட்டது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அவர் கணினியிலேயே இருந்தது. மற்ற எல்லாவற்றையும் வாசித்த அது, அவருடைய எடிட்டரைத் திறந்ததும் "சாளரம், காலி" என்று சொல்லி நின்றுவிட்டது. அதற்கு அந்த எழுத்துகள் வெறும் படம்.

"வருஷக்கணக்கா இதுலதான் எழுதினேன் தமயந்தி. காலிங்குது," என்றார், உடன் வேலை செய்தவளிடம்.

தமயந்தி அந்த மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து, எடிட்டரின் ஒவ்வொரு வரியும் இயங்குதளம் வழியாக அந்தக் குரலுக்குத் தெரியும்படி இணைத்தாள். வேலை முடிந்த அன்று அவருடைய கடைசிக் கோப்பைத் திறந்தாள். குரல் வாசிக்கத் தொடங்கியது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த பெர்னாட் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"தப்பா வாசிக்குதா?"

"இல்ல. அது வாசிக்கறதுக்கு முன்னாடியே நீ படிச்சுட்டுப் போற. கீழ என்னவோ இருக்கு. உன் மூச்சு மாறிடுச்சு."

கீழே, பார்வை மங்கிவந்த நாட்களில் அவர் தட்டிய வரிகள் எழுத்து மாறிக் குலைந்து கிடந்தன.

"திரையை அணைச்சிடு," என்றார். "கீழ இருக்கறது வர்றப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டுக்கலாம்."

தமயந்தி திரையை அணைத்தாள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரல் நின்ற இடத்திலிருந்து அதைத் தொடரவிட்டாள்.