பல்லி சொல்லட்டும்

துறைமுகக் கிடங்கு ஒன்றின் சுவரில் இரண்டு பல்லிகள் குடித்தனம் நடத்தின. முட்டையிட இடம் தேடிய பெண் பல்லி தேயிலைப் பெட்டிக்குள் இறங்கியிருந்தபோது, அதைக் கவனிக்காமல் மூடியை ஆணியடித்துவிட்டார்கள். சுவரிலிருந்த ஆண் பல்லி அலறியது. “ஆகா, பல்லி சொல்லிவிட்டது! நல்ல சகுனம்!” என்று முதலாளி அந்தப் பெட்டியை உடனே அக்கரை நகரத்துக்குக் கப்பலேற்றினார்.

கிடங்கு எலி ஆண் பல்லிக்கு வழி சொன்னது. “கப்பலென்றால் மூன்று நாள், அண்ணே. பூச்சி கிடைக்கும். விமானமென்றால் ஒரு மணி நேரம்தான், ஆனால் சாமான் அறையில் குளிர் கொல்லும்.”

பல்லி ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்து, “கப்பல்தான்,” என்றது.

“இதோ மூட்டை ஏற்றுகிறார்கள். ஏறுங்கள்.”

“பல்லி சொல்லாமல் எப்படிக் கிளம்புவது?”

“நீங்கள்தானே பல்லி?”

“தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் பலிக்காதப்பா. எனக்கு அவள்தான் சொல்லுவாள்.”

அந்தக் கப்பல் போனது. அடுத்ததும் போனது. வருடங்கள் போயின. பல்லிக்குச் சுவரில் பிடி தளர்ந்தது.

ஒருநாள் அக்கரையிலிருந்து வந்த வெங்காய மூட்டையிலிருந்து வேறோர் எலி இறங்கியது. அங்கே ஒரு கிழட்டுப் பெண் பல்லி, விமானத்தில் இங்கே வருவதென்று முடிவு செய்துவிட்டு, சகுனத்துக்காக இன்னும் சுவரிலேயே காத்திருக்கிறது என்றது.

கிடங்கு எலி பதறிக்கொண்டு சுவரேறியது. “அண்ணே, ஒரு சேதி!”

“சத்தம் போடாதே,” என்றது பல்லி. “பல்லி சொன்னால் காதில் விழாமல் போய்விடும்.”