ஆறாவது பஜ்ஜி

பெண் பார்க்கப் போன இடத்தில் இளம்பரிதி வாழைக்காய் பஜ்ஜியை ஒரு கடிதான் கடித்தான். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த கொழுப்புமானி கூடமே அதிர அறிவித்தது: “மூன்று முறை காய்ச்சிய எண்ணெய். கெட்ட கொழுப்பு. உடனே துப்பவும்.”

பெண்ணின் அப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. இளம்பரிதியின் அம்மா கைப்பையைத் தூக்கினாள். “பழைய எண்ணெயிலயா சம்பந்தம் பேசுறீங்க? எந்திரிடா!”

அவனுக்கோ பெண் மதிவதனியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து தூக்கமே இல்லை. துப்புவதா, விழுங்குவதா என்று வாயை மூடிக்கொண்டு தவித்தான்.

அப்போது அடுக்களையிலிருந்து இன்னொரு கொழுப்புமானி அலறியது: “மதிவதனி, இது ஆறாவது பஜ்ஜி!”

“சும்மா கெட, பசிக்குது” என்றது ஒரு பெண்குரல்.

இளம்பரிதி விழுங்கினான். “உக்காரும்மா, தேதி குறிச்சிடலாம். மொதல்ல எனக்கு ரெண்டு பஜ்ஜி கேட்டு வாங்கு, அவ முடிக்கறதுக்குள்ள.”